வரைவில் சொல் பார்த்தல்

அத்தியாயம் 7

ஆழ்வார்திருநகரி என்ற எங்கள் ஊர்ப் பெயரை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ஆ, ழ், வா, ர், தி, ரு, ந, க, ரி. ஒன்பது எழுத்து. கணினி இதையே யூனிகோடில் 15 கோட் பாயிண்டாக வைத்திருக்கிறது. ழகரம் ஒன்று, அதன் தலையில் புள்ளி ஒன்று, வகரம் ஒன்று, அதன் கால் ஒன்று என்று அதற்குத் தனித்தனிக் கணக்கு. அதே பெயர் யு.டி.எஃப்.-8 முறையில் கம்பியில் போகும்போது கோட் பாயிண்டுக்கு மூன்று ஆக்டெட் (எட்டு பிட் கொண்ட பைட்) வீதம் 45 ஆகிவிடும்.

ஒரு நெறிமுறை வரைவில் "பெயர் 20 எழுத்தைத் தாண்டக் கூடாது" என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் தேறுமா? 9 என்று எண்ணியவரின் நிரலில் தேறும். 15 என்று எண்ணியவரிடமும் தேறும். 45 என்று எண்ணியவர் வாசலிலேயே நிறுத்திவிடுவார். மூவரும் அதே வரியைப் படித்தவர்கள்தான். மூவர் மேலும் தப்பில்லை. தப்பு "எழுத்து" என்ற சொல்லில் இருக்கிறது.

அந்தச் சொல்லைக் கண்டுபிடிப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. நெறிமுறை நல்லதா, வேகமாக ஓடுமா, பாதுகாப்பானதா என்பதெல்லாம் வேறு ஆட்கள் பார்ப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றே: இந்த வரியைப் படித்து இரண்டு பேர் இரண்டு விதமாக நிரல் எழுத இடம் இருக்கிறதா? இருந்தால் குறியுங்கள். இல்லையென்றால், வரி எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

உட்காரும் முன்

கையில் இருக்க வேண்டியவை:

1. வரைவு, அதன் பதிப்பு எண்ணோடு. இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பின் வரைவுகளுக்குப் பெயர்க் கடைசியில் 00, 01, 02 என்று எண் இருக்கும். நீங்கள் 03-ஐப் படித்துக்கொண்டிருக்கும்போது 04 வெளியாகியிருக்கும். இது அடிக்கடி நடப்பது. உட்காரும் அன்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

2. ஆர்.எஃப்.சி. 2119 (1997), ஆர்.எஃப்.சி. 8174 (2017). ஆர்.எஃப்.சி. என்பது வரைவு முடிந்து எண்ணோடு வெளியாகும் ஆவணம். இவை இரண்டும் கட்டாயம், பரிந்துரை, விருப்பம் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களுக்குப் பொருள் சொல்பவை. சேர்ந்து சில பக்கம்தான். மனப்பாடம் ஆகும்வரை படியுங்கள்.

3. துறைக்கு உரிய சொல் விளக்க ஆவணம். டி.என்.எஸ். (டொமைன் பெயர் முறைமை) என்றால் ஆர்.எஃப்.சி. 9499 (2024). பன்மொழி எழுத்து விஷயம் என்றால் ஆர்.எஃப்.சி. 6365 (2011). தமிழ் டொமைன் பெயர் என்றால் ஆர்.எஃப்.சி. 5890 (2010).

4. கட்டம் போட்ட நோட்டு, பென்சில்.

5. கடைசித் தேதி. ஐ.இ.டி.எஃப். வரைவுக்கு ஆறு மாதம்தான் ஆயுள். பணிக்குழு இறுதி அழைப்பு விட்டால் பெரும்பாலும் இரண்டு வாரம். இந்திய தர நிர்ணய அமைவனம் சுற்றுக்கு விடும் வரைவில் கருத்து சொல்லக் கடைசி நாள் அச்சிட்டிருக்கும். தேதி தாண்டிப் போன நல்ல கருத்தை யாரும் எடுப்பதில்லை.

பாதுகாப்பு: இதைத் தாண்டிப் போகாதீர்கள்

ஐ.இ.டி.எஃப்.புக்கு நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் பொதுவில், உங்கள் பெயரோடு, நிரந்தரமாக நிற்கும். அழிக்கச் சொல்லிக் கேட்க முடியாது. வீட்டு முகவரி, கைபேசி எண் உள்ள மின்னஞ்சல் கையொப்பத்தை முதலில் எடுத்துவிடுங்கள்.

அந்தப் பணியில் கலந்துகொள்பவருக்கு 'நோட் வெல்' என்ற அறிவிப்பு ஒன்று உண்டு. நீங்களோ உங்கள் நிறுவனமோ காப்புரிமை வைத்திருக்கும் ஒரு முறையைப் பற்றிக் கருத்து சொன்னால், அந்தக் காப்புரிமை இருப்பதை வெளியே சொல்ல வேண்டிய கடமை வந்துவிடும். "சொல்தானே பார்க்கிறேன்" என்று நினைக்கலாம். ஆனால் ஒரு சொல்லை மாற்றும்போதே பொருள் மாறும், அதுவும் பங்களிப்புதான். வேலையில் இருப்பவர்கள் மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

எல்லா அமைப்பும் ஐ.இ.டி.எஃப். போலத் திறந்த வீடு அல்ல. சில வரைவுகள் குழு உறுப்பினர் கண்ணுக்கு மட்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அப்படி உள்வட்டத்துக்கு வந்த ஒரு வரைவின் நாலு பத்தியை இணையத்தில் உள்ள ஓர் இலக்கணத் திருத்தியில் ஒட்டிப் பார்த்தேன். ஆங்கிலம் சரியா என்று பார்க்கத்தான். மேலே இருந்தவர் கூப்பிட்டு, ஒட்டிய பத்தி எந்த நாட்டு சர்வரில் கிடக்கிறது என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கு உரையாடல் மென்பொருள்களில் ஒட்டுகிறவர்களுக்கும் அதே கேள்விதான்.

வேலை வரிசை

படி 1. பென்சில் இல்லாமல் ஒரு முறை

காகிதத்தில் அச்செடுத்துப் படியுங்கள். திரையில் கண் வழுக்கிப் போகும்; வழுக்கும் இடத்தில்தான் பிழை ஒளிந்திருக்கும். முதல் வாசிப்பில் எதையும் குறிக்காதீர்கள். யார் யாருக்கு எதை அனுப்புகிறார்கள், பதிலுக்கு என்ன வருகிறது என்ற கதை மட்டும் மனதில் ஏறினால் போதும்.

படி 2. சொல் அட்டவணை

நோட்டில் நாலு கட்டம்: சொல், முதலில் வந்த பக்கம், பொருள் சொன்ன பக்கம், அதே பொருளுக்கு வந்த வேறு சொல். இரண்டாம் வாசிப்பில் இதை நிரப்புங்கள். மூன்றாம் கட்டம் காலியாக இருந்தால் அந்தச் சொல்லுக்கு வரையறை இல்லை. நாலாம் கட்டம் நிரம்பினால் ஒரு பொருளுக்கு இரண்டு பெயர். இரண்டும் குறிக்க வேண்டியவை.

இங்கே நம் பள்ளிக்கூடப் பழக்கம் ஒன்றை விட்டாக வேண்டும். கட்டுரை நோட்டில் ஒரே சொல் திரும்ப வந்தால் தமிழையா சிவப்பு மையில் சுழிப்பார். நிலா என்று ஒரு தடவை, மதி என்று ஒரு தடவை, திங்கள் என்று ஒரு தடவை எழுதினால் "சபாஷ்" விழும். வரைவில் அப்படி எழுதினால், மதி வேறு, திங்கள் வேறு என்றுதான் நிரல் எழுதுபவர் எடுத்துக்கொள்வார். வானத்தில் மூன்று நிலாவுக்கு இடம் ஒதுக்கிவிடுவார். "சர்வர்" என்று தொடங்கினால் கடைசிவரை சர்வர்தான். நடுவில் "ஹோஸ்ட்", "நோட்", "இயந்திரம்" என்று வந்தால் அதே பொருளா என்று கேளுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு: ஒரே சொல்லுக்கு ஆளாளுக்கு ஒரு பொருள். டி.என்.எஸ். உலகில் 'லேம் டெலிகேஷன்' என்று ஒரு வழக்கு இருக்கிறது. லேம் என்றால் நொண்டி. பெயர்ப் பொறுப்பை ஒரு சர்வரிடம் ஒப்படைத்திருப்பார்கள், அது பொறுப்போடு பதில் சொல்லாது; அந்த நிலைமைக்கு இந்தப் பெயர். ஆனால் பதிலே வராததையும், தப்பான பதிலையும், இன்னும் சிலதையும் இந்தச் சொல்லுக்குள்ளேயே போட்டுப் பழகிவிட்டார்கள். ஆர்.எஃப்.சி. 9499 எழுதியவர்கள் இந்தச் சொல்லுக்குக் கருத்தொற்றுமை இல்லை என்று வெளிப்படையாகவே எழுதிவைத்தார்கள். எனக்கு மிகப் பிடித்த நேர்மை அது. உங்கள் வரைவில் இப்படி ஒரு சொல் வந்தால், வரையறையைச் சண்டை போட்டுச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, நடப்பதை நேராக எழுதச் சொல்லுங்கள்.

படி 3. 'வேண்டும்' வரிகள்

கட்டாயச் சொற்களை மட்டும் தேடி ஒரு சுற்று. 'மஸ்ட்' என்றால் செய்தே தீர வேண்டும். 'ஷுட்' என்றால் செய்வதுதான் முறை. விட வேண்டுமானால் விளைவு தெரிந்து, காரணத்தோடு விட வேண்டும். 'மே' என்றால் அவரவர் விருப்பம். பெரிய எழுத்தில் இருந்தால்தான் இந்தத் தனிப்பொருள் என்று 8174 தெளிவுபடுத்தியது. அதற்கு முன் 20 வருஷம், சிறிய எழுத்தில் வந்ததும் கட்டளைதானா என்ற வழக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

தமிழில் யோசிப்பவருக்கு இங்கே ஒரு குழி இருக்கிறது. நமக்கு 'மஸ்ட்'டும் வேண்டும், 'ஷுட்'டும் வேண்டும். "மருந்து சாப்பிட வேண்டும்", "பெரியவர்களைப் பார்த்தால் எழுந்திருக்க வேண்டும்", "எனக்கு ஒரு காப்பி வேண்டும்" என்று ஒரே சொல்லை வைத்துக் குடும்பமே நடத்துகிறோம். அதனால் ஆங்கிலத்தில் படிக்கும்போதும் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு கண் தாண்டிவிடும். 'மே' இன்னும் மோசம். "மழை வரலாம்", "நீ போகலாம்", "வா, போகலாம்": முதலாவது ஊகம், இரண்டாவது அனுமதி, மூன்றாவது அழைப்பு. வரைவில் 'மே' வந்தால் ஊகமா, அனுமதியா என்று ஒவ்வொரு முறையும் உங்களையே கேளுங்கள். ஊகம் என்றால் பெரிய எழுத்தில் இருக்கக் கூடாது.

'மே நாட்' என்று வந்தால் யோசிக்கவே வேண்டாம், குறித்துவிடுங்கள். 2119-இல் அதற்கு வரையறை இல்லை. தடையா, விலக்கா என்று தெரியாது. கடை முதலாளி "நாளைக்கு நீ வர வேண்டாம்" என்று சொன்னால் அது விடுமுறையா, வேலை போச்சா என்று தெரியாமல் ராத்திரி முழுக்க முழித்துக்கொண்டு கிடப்போமே, அதுதான்.

குறிப்புகள் மூன்று:

• ஒவ்வொரு கட்டாய வரியிலும் எழுவாய் இருக்கிறதா என்று பாருங்கள். "செய்தி நிராகரிக்கப்பட வேண்டும்" என்றால் நிராகரிப்பவர் யார்? அனுப்புபவரா, நடுவில் நிற்பவரா, பெறுபவரா?

• 'ஷுட்' வந்த இடத்தில், எப்போது விடலாம் என்று ஒரு வரி இருக்க வேண்டும். இல்லையென்றால் கேளுங்கள். பாதி நேரம், எழுதியவர் 'மஸ்ட்' போடத் தயங்கி 'ஷுட்' போட்டிருப்பார்.

• கட்டாயத்தை மீறினால் என்ன நடக்கும் என்று சொல்லாத 'மஸ்ட்' பல் இல்லாத வாய்.

படி 4. அளவுகள்

"விரைவில்", "போதுமான", "பெரிய", "தேவையானால்". இந்த நாலையும் தேடுங்கள்; இன்னும் பத்து தானாக அகப்படும். மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பில் முத்தை அளவு பிரிக்க, துளை எண்ணிக்கை வாரியாகப் பித்தளைச் சல்லடைக் கிண்ணங்கள் வைத்திருந்தார்கள். எந்தக் கிண்ணத்தில் தங்கியதோ அதுதான் முத்தின் அளவு. வியாபாரியின் வாய்க்கு வந்தது அல்ல. வரைவில் வரும் ஒவ்வொரு "பெரிய"துக்கும் கிண்ணம் எது என்று கேளுங்கள்.

அலகையும் பாருங்கள். நேரம் என்றால் வினாடியா, மில்லி வினாடியா? கிலோபைட் என்றால் 1000-ஆ, 1024-ஆ? நீளம் என்றால் தலைப்பையும் சேர்த்தா, உள்ளடக்கம் மட்டுமா? திருவாய்மொழிக்கு உரை செய்தவர்கள் அளவையே பெயராக வைத்தார்கள். ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி என்று. ஒற்றை விட்டுவிட்டு 32 எழுத்து ஒரு படி என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில் எங்கள் ஊர்ப் பெயர் ஏழு எழுத்துதான். ழ்-உம் ர்-உம் விழுந்துவிடும். எண்ணிக்கை என்ன வந்தாலும் சரி, எதை எண்ணினோம் என்று முதலில் சொல்லிவிட்டார்கள் பாருங்கள்.

படி 5. எடுத்துக்காட்டுகள்

இது சொல் வேலை இல்லை என்று பலர் தாண்டிவிடுவார்கள். நிரல் எழுதுபவர் விதியைப் படிப்பதைவிட எடுத்துக்காட்டைப் பார்த்து எழுதுவதே அதிகம். விதி ஒன்று, எடுத்துக்காட்டு வேறொன்று என்றால் எடுத்துக்காட்டுதான் ஜெயிக்கும்.

எச்சரிக்கை: எடுத்துக்காட்டில் உண்மையான முகவரியோ பெயரோ இருக்கக் கூடாது. அதற்கென்று ஒதுக்கிவைத்த பெயர்கள் ஆர்.எஃப்.சி. 2606-இலும், 192.0.2.0/24 போன்ற எண்தொகுதிகள் ஆர்.எஃப்.சி. 5737-இலும் இருக்கின்றன. உண்மை முகவரியை உள்ளே பதித்தால் என்ன ஆகும் என்பதற்கு 2003-இல் ஒரு பாடம் கிடைத்தது. வீட்டு ரவுட்டர்களில் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தின் நேர சர்வர் முகவரியைப் பதித்து விற்றுவிட்டார்கள். அத்தனை ரவுட்டரும் அந்த ஒரு சர்வரிடம் மணி கேட்டு மொய்த்தன. அந்த அனுபவத்திலிருந்து 2005-இல் வந்ததுதான் ஆர்.எஃப்.சி. 4085.

படி 6. தமிழ் தொடும் இடம்

டொமைன் பெயர், மின்னஞ்சல் முகவரி, பயனர் பெயர் என்று மனிதர் தட்டச்சு செய்யும் எதையாவது வரைவு தொட்டால், இந்தச் சுற்று கட்டாயம். மற்றவர்கள் பார்க்க முடியாததை நீங்கள் பார்க்கிற இடம் இதுதான். ஆகவே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

வரைவில் சாதாரணமாக ஒரு வரி வரும்: "இரண்டு பெயர்களையும் இயல்பாக்கிய பிறகு ஒப்பிட வேண்டும்." இயல்பாக்குவது என்றால் பெரும்பாலும் யூனிகோடின் என்.எஃப்.சி. வடிவத்துக்குக் கொண்டுவருவது. படிக்கும்போது பிரச்சினை தீர்ந்த மாதிரித்தான் இருக்கும். எங்கள் பக்கத்து ஊர்கள் இரண்டை வைத்துச் சோதித்துவிடுவோம்.

முதலில் கொற்கை. "கொ" என்பதைக் ககரத்தோடு ஒரே ஒகரக் குறியாகவும் வைக்கலாம். ககரம், எகரக் கொம்பு, கால் என்று மூன்றாகவும் வைக்கலாம். திரையில் ஒரே கொற்கைதான். இவை இரண்டும் ஒன்று என்று யூனிகோடு சொல்கிறது. என்.எஃப்.சி. செய்தால் இரண்டும் முதல் வடிவத்துக்கு வந்துவிடும். வரைவின் வரி பலித்தது.

இப்போது ஸ்ரீவைகுண்டம், தாலுகா தலைநகரம். "ஸ்ரீ"யை ஸகரம், புள்ளி, ரகரம், ஈகாரக் குறி என்று எழுதலாம். 2005-இல் யூனிகோடு 4.1 வந்தபோது தமிழுக்கு 'ஶ' என்ற எழுத்து சேர்ந்தது. அதை முதலில் வைத்தும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே சுழியாகத்தான் தெரியும். ஆனால் இவை ஒன்று என்று யூனிகோடு சொல்லவில்லை. என்.எஃப்.சி. செய்தாலும் இரண்டாகவே நிற்கும். பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள கணினி மையத்தில் இரண்டையும் அச்செடுத்து நீட்டி, எது எது என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதானே தம்பி. மை வேஸ்ட்" என்றார் அண்ணாச்சி.

ஒருவர் ஒரு ஸ்ரீவைகுண்டத்தைப் பதிவு செய்திருக்க, இன்னொருவர் மற்ற ஸ்ரீவைகுண்டத்தைப் பதிவு செய்து அச்சு அசலாக ஒரு வங்கிப் பக்கம் போட்டால், அண்ணாச்சியும் ஏமாறுவார், நானும் ஏமாறுவேன். வரைவின் அந்த வரி கொற்கைக்குப் போதும், ஸ்ரீவைகுண்டத்துக்குப் போதாது. உங்கள் குறிப்பில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: "இயல்பாக்கல், உருவ ஒற்றுமையைத் தீர்ப்பதில்லை, மாற்றுவடிவ விதி தனியாகத் தேவை." மேலே சொன்ன இரண்டு ஊரையும் கோட் பாயிண்ட் எண்களோடு சேர்த்துக் கொடுங்கள்.

இதே ரகத்தில் இன்னும் சில:

1. தமிழ் எண்கள். ௧ என்ற ஒன்றும் க என்ற எழுத்தும், ௨ என்ற இரண்டும் உ என்ற எழுத்தும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். "எண்கள் அனுமதிக்கப்படும்" என்று வரைவு சொன்னால், எந்த எண்கள் என்று கேளுங்கள்.

2. கண்ணுக்குத் தெரியாத இணைப்பான், பிரிப்பான். "ரிக்ஷா"வில் க்ஷ சேராமல் பிரிந்து நிற்கச் சிலர் ஒரு பிரிப்பானை நடுவில் செருகுவார்கள். ஆர்.எஃப்.சி. 5892 இதைச் சூழல் பார்த்துத்தான் அனுமதிக்கிறது. "சிறப்புக் குறிகளை நீக்கவும்" என்ற வரி இதையும் சேர்த்து வாரிக்கொண்டு போகும்.

3. "பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு இல்லாமல்" என்ற தொடர். தமிழுக்கு அந்த வேறுபாடே கிடையாது. வரைவு எல்லா மொழிக்கும் என்றால் அதைச் சொல்லட்டும்.

4. "எழுத்து" என்ற சொல் எங்கு வந்தாலும் இந்த அத்தியாயத்தின் முதல் பத்தியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதிரிக் கேள்விகளைப் பிராமி வழி வந்த ஒன்பது இந்திய எழுத்துமுறைகளுக்குச் சேர்த்து அலசியது நியோ-பிராமி குழு. தமிழும் அதில் ஒன்று. தமிழுக்கான விதிகள் 2019-இல் இணையத்தின் வேர் மண்டல விதித் தொகுப்பில் சேர்ந்தன. தமிழ் முன்மொழிவு பொதுவில் கிடைக்கிறது. ஒரு சொல் பார்வையாளர் எவ்வளவு நுணுக்கமாகப் போக வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியாது.

நம் ஆட்கள் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சின்ன நினைவு. பன்மொழி டொமைன்களைச் சோதிக்க 2007-இல் 11 சோதனைப் பெயர்களை வேர் மண்டலத்தில் ஏற்றினார்கள். தமிழுக்கு ஏற்றியது "பரிட்சை". பள்ளிக்கூடத்தில் நாம் எழுதியது பரீட்சை. ஒரு குறில் நெடில்தான். ஆனால் உலகத்துக்கே தமிழில் வைத்த முதல் பரீட்சை அப்படிப் போனது. பிறகு வந்த .இலங்கை, .இந்தியா, .சிங்கப்பூர் மூன்றிலும் எழுத்து சரி.

படி 7. கருத்தை எழுதுதல்

பத்துப்பாட்டு ஏடு தேடி உ.வே.சாமிநாதையர் ஆழ்வார்திருநகரிக் கவிராயர்கள் வீட்டு ஏடுகளைப் புரட்டியிருக்கிறார். நூல் 1889-இல் அச்சானது. அவர் பதிப்புகளில் ஏட்டுக்கு ஏடு மாறும் சொல்லைப் பாடபேதம் என்று அடிக்குறிப்பில் காட்டுவார். மூலம் ஒரு பக்கம், வேறு பாடம் ஒரு பக்கம். படிப்பவருக்கு இரண்டும் தெரியும். வரைவுக்குக் கருத்து எழுதுவதும் அப்படித்தான்: பழையது, புதியது, ஏன். மூன்றே பகுதி.

நானே கட்டிய ஒரு வரைவுப் பத்தியை வைத்துக் காட்டுகிறேன். நிஜ வரைவு ஆங்கிலத்தில் இருக்கும்; இங்கே தமிழில் தருகிறேன்.

பழையது: "தமிழ்ப் பெயர் வந்ததும் அது சரிபார்க்கப்பட்டு, தேவையானால் மாற்றப்பட்டு, விரைவில் பதிவு செய்யப்பட வேண்டும். பெயர் 63 எழுத்தைத் தாண்டக் கூடாது."

புதியது: "பதிவுக்கு வந்த யு-லேபல் என்.எஃப்.சி. வடிவில் இருக்கிறதா என்று பதிவகம் சரிபார்க்க வேண்டும் ('மஸ்ட்'). இல்லையென்றால் பதிவகம் அதை நிராகரிக்க வேண்டும் ('மஸ்ட்'). தானாக மாற்றக் கூடாது ('மஸ்ட் நாட்'). அந்த யு-லேபலுக்குரிய ஏ-லேபல் 63 ஆக்டெட்டைத் தாண்டக் கூடாது ('மஸ்ட் நாட்')."

ஏன்: பழைய வரியில் செய்பவர் யார் என்று இல்லை. எதைச் சரிபார்ப்பது என்று இல்லை. "தேவையானால் மாற்றப்பட்டு" என்பதை வைத்துப் பதிவகம் கேட்டவருக்குத் தெரியாமலேயே பெயரைத் திருத்தலாம். "விரைவில்" என்பதற்கு அளவு இல்லை. கெடு வேண்டுமென்றால் ஆசிரியர்கள் எண் தரட்டும். யு-லேபல் என்பது கண்ணால் படிக்கும் தமிழ் வடிவம். டி.என்.எஸ்.ஸின் 63 என்ற எல்லை ஆக்டெட்டுக்கு, அதுவும் குறியீட்டு வடிவமான ஏ-லேபலுக்கு. கண்ணால் பார்க்கும் எழுத்துக்கு அல்ல.

கவனியுங்கள்: "விரைவில்" என்பதற்கு நானே ஓர் எண்ணைப் போடவில்லை. அது சொல் பார்ப்பவர் முடிவு செய்ய வேண்டியது அல்ல. தெரியாத இடத்தில் திருத்தம் கொடுக்காதீர்கள், கேள்வி கொடுங்கள்.

அனுப்பும் வரிசை: பொருளை மாற்றும் கருத்துகள் மேலே, சின்னவை நடுவில், எழுத்துப்பிழைகள் கடைசியில் ஒரே கட்டாக. இந்திய தர நிர்ணய அமைவனத்துக்கு என்றால் அவர்கள் படிவத்தில் பிரிவு எண், கருத்தின் வகை, கருத்து, பரிந்துரைக்கும் மாற்றம் என்று கட்டம் இருக்கும். கட்டத்துக்கு வெளியே எழுதாதீர்கள்.

அடிக்கடி நடக்கும் தப்புகள்

அழகுபடுத்துவது. முதல் தப்பும் பெரிய தப்பும் இதுதான். வரி நீளமாக, சப்பென்று இருக்கலாம். குழப்பம் இல்லையென்றால் தொடாதீர்கள். நீங்கள் நயமாக மாற்றிய வரியில் ஒரு 'மட்டும்' விழுந்துபோனால் நெறிமுறையே மாறிவிடும்.

எழுத்துப்பிழை தானே என்று விடுவது. சாதாரண வாக்கியத்தில் பரவாயில்லை, பதிப்பாசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் கம்பியில் போகும் பெயரில் பிழை இருந்தால் அது பிழையாக இருக்காது, நியமமாகிவிடும். எச்.டி.டி.பி.யில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்று சொல்லும் தலைப்புக்கு 'ரெஃபரர்' என்று பெயர். ஆங்கிலத்தில் நடுவில் இரண்டு 'ஆர்' வர வேண்டும், ஒன்றுதான் போட்டார்கள். 1996-இல் ஆர்.எஃப்.சி. 1945-இல் அப்படியே அச்சேறியது. உலகத்தில் உள்ள எல்லா உலாவியும் இன்றுவரை அந்தப் பிழையைச் சரியாக எழுதிக்கொண்டிருக்கிறது.

மனம் நோகும் சொல்லைத் தொழில்நுட்பச் சண்டையாக்குவது. டி.என்.எஸ்.ஸில் முன்பு எஜமான், அடிமை என்று சர்வர்களைக் குறித்தார்கள். இப்போது முதன்மை, இரண்டாம் நிலை என்பதே வழக்கு. பழைய சொல் வந்தால் புதியதைச் சொல்லுங்கள், கூடவே புதிய சொல் துல்லியமாகவும் இருக்கிறது என்று காட்டுங்கள். அடிமை என்ற சொல்லிலிருந்து அந்த சர்வர் நகல் வாங்குகிறதா, ஆணைக்குக் காத்திருக்கிறதா என்று தெரியாது. இரண்டு வரியில் முடித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்ப்பது. மேலே சொன்ன சுற்றுகளை ஒன்றாகக் கலக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு சுற்று, ஒரு மணி நேரம். 30 பக்க வரைவுக்கு ஒரு வாரம் எனக்கு ஆகிறது.

படி 8. அனுப்பிய பிறகு

ஆசிரியர்கள் ஏற்கலாம், மறுக்கலாம், பதிலே சொல்லாமலும் இருக்கலாம். ஒரு வாரம் பொறுத்து, மரியாதையாக ஒரு தடவை நினைவூட்டுங்கள். மறுத்தால் காரணம் படியுங்கள். பல சமயம் அந்தச் சொல் வேறோர் ஆவணத்தில் ஏற்கனவே வரையறுத்ததாக இருக்கும். நாம் பார்த்திருக்க மாட்டோம். பார்க்காதது நம் தப்பு என்றால் "சரி, பார்த்தேன்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அடுத்த தடவை உங்கள் கருத்தை அக்கறையோடு படிப்பார்கள்.

புதிய பதிப்பு வந்ததும் பழையதோடு ஒப்பிட்டுக் காட்டும் கருவி ஐ.இ.டி.எஃப்.பின் டேட்டா டிராக்கரிலேயே இருக்கிறது. உங்கள் திருத்தம் ஏறிய இடத்தை மட்டும் பார்க்காதீர்கள். அதே சொல் வேறு எங்கெல்லாம் இருந்தது என்று நோட்டைப் பார்த்து, அங்கும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் "ஆக்டெட்" ஆகி, மற்ற ஏழு இடத்தில் "எழுத்து" என்றே கிடந்தால் முன்பைவிடக் குழப்பம்.

ஆர்.எஃப்.சி. எண் கொடுத்து வெளியிடுவதற்குச் சற்று முன் ஆசிரியர்களுக்கு 'ஆத்-48' என்று ஒரு கடைசிப் பார்வை உண்டு. பெயரில்தான் 48 மணி நேரம். நடைமுறையில் வாரக்கணக்கில் இழுக்கும். அதோடு கதவு மூடிவிடும். வெளியான ஆர்.எஃப்.சி.யின் பொருளை மாற்ற மாட்டார்கள். அதன் பிறகு பிழை கண்டால் பிழைப்பட்டியலில் பதிவு செய்யலாம். தொழில்நுட்பப் பிழையா, எழுத்துப் பிழையா என்று வகை கேட்கும். சரிபார்த்தது, அடுத்த பதிப்புக்கு ஒத்திவைத்தது, நிராகரித்தது என்று மூன்றில் ஒரு முத்திரை விழும். அங்கும் அதே மூன்று பகுதிதான்: பழையது, புதியது, ஏன்.